மூணு சீட் பிக்கப்

இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று என் பல் பிரஷ். இன்னொன்று என் பிக்கப் வண்டி. போன வாரம் தையல் மெஷினைச் சுத்தம் பண்ண பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்கள். ஆக, மிச்சம் வண்டி.

பின்னால் தொட்டி, முன்னால் மூன்றே சீட். பார்த்துப் பார்த்து வாங்கியது. மனைவிக்கு ஓர் அக்கா, ஒரு தங்கை, ஓர் அம்மா. பெரிய வண்டி வாங்கினால் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள், நான் டிரைவராகிவிடுவேன். மூன்று சீட்டில் குடும்பம் அடங்காது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சாமர்த்தியம் இதுதான்.

அப்புறம் ஒரு தீர்மானம் எடுத்தேன். மூன்று நாள் லீவு, ஏரிக்கரை, தூண்டில், நான் மட்டும். மாமியார் எங்களோடு வந்து ஆறு வருஷம் ஆகிறது. முழங்காலில் ஆரம்பித்துக் கழுத்து வரை தன் வலியைச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி முழங்காலின் முறை வந்துவிடும். மூன்று நாள் யாரும் என்னிடம் எதுவும் பேசக்கூடாது. அதற்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

ஆனால் காட்டில் போய்க் கஷ்டப்படவும் முடியாது. ஃபேன் வேண்டும், குட்டி ஃபிரிட்ஜ் வேண்டும், காபிக்குக் கெட்டில் வேண்டும். எல்லாம் வண்டி பேட்டரியில் ஓட ஓர் இன்வெர்ட்டர் வாங்கினேன்.

இதில் ஒரு சிக்கல். என் மனைவிக்கு வேலையே வண்டிகளுக்கான எலக்ட்ரிக்கல் சாமான் கடையில்தான். பதினோரு வருஷமாகக் கவுன்ட்டரில் நிற்கிறாள். ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாம் சொல்லிவிடுவாள். கேட்டால் ஏரி வெளியே வந்துவிடுமே! நாலு தெரு தள்ளி வேறு கடைக்குப் போனேன்.

"சார், கெட்டில் போட்டா நூறு ஆம்பியர் இழுக்கும். இந்த ஒயர் தாங்காது. விரல் தடிமனுக்கு கேபிள் போடுங்க" என்றார் கடைக்காரர்.

"எனக்குத் தெரியும்" என்றேன். வீட்டில் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்ல முடியாத வாக்கியம். கிடைத்த இடத்தில் சொல்லிக்கொண்டு, அந்த மெல்லிய ஒயரையே வாங்கிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் திறந்து வேலையில் இறங்கினேன். துணி உலர்த்த வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"சும்மா, ரெண்டு லைட் போடறேன்."

"லைட்டுக்கா இவ்ளோ பெரிய பெட்டி?"

"பெரிய லைட்டு."

"ஃபியூஸ் எங்க போட்டிருக்கீங்க?"

"சீட்டுக்குப் பின்னாடி. கைக்கு எட்டுற மாதிரி."

"பேட்டரியிலேருந்து ஒரு சாணுக்குள்ள போடணும். எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற தகட்டுல ஒயர் நுழையற ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டீங்களா?"

"உன் வேலையை நீ பாரு."

பார்த்தாள். ஒரு துணியை உலர்த்த இவ்வளவு நேரமா ஆகும்?

எஞ்சினை ஓடவிட்டுக் கெட்டிலைப் போட்டேன். தண்ணீர் சூடாவதற்கு முன் ஒயர் சூடாகிவிட்டது. இளகிய உறையைத் தகட்டின் விளிம்பு அறுத்தது. பட்டென்று ஒரு பொறி, குபுகுபுவென்று புகை. பொறி பறந்தது பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே; சீட்டுக்குப் பின்னால் ஃபியூஸ் சேதாரமில்லாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. நானும் அதே மாதிரிதான் நின்றேன்.

அவள்தான் ஓடிவந்து எஞ்சினை நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றினாள். அவள் கையில் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஏற்கனவே இருந்தது. துணி உலர்த்த எதற்கு ஸ்பானர் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

"ஃபேனு, ஃபிரிட்ஜு, கெட்டிலு... யாருக்குங்க இதெல்லாம்?"

உளறினேன். "உனக்குத்தான்! நீ, உங்க அக்கா, தங்கச்சி எல்லாரும் ஜாலியா ஏரிக்குப் போகலாம்னு... சொல்லாம செஞ்சு அசத்தலாம்னு பாத்தேன்."

என்னையே பார்த்தாள். "நிஜமாவா?"

"சத்தியமா."

உள்ளே போய் விரல் தடிமன் கேபிளும் பெரிய ஃபியூஸும் ரப்பர் வளையமும் கொண்டுவந்தாள். எல்லாம் சரியான அளவில் வெட்டித் தயாராக இருந்தன. ரெண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஃபேன் சுற்றியது, கெட்டில் கொதித்தது. ஒரு பொய்யில் வண்டியும் தப்பியது, ஏரியும் தப்பியது என்று மனசுக்குள் குதித்தேன்.

லீவு நாள் விடிந்தது. அலுவலகம் போகிறவன் போலச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முன் சீட்டில் அக்கா, தங்கை. ஸ்டியரிங்கில் என் மனைவி. தொட்டியில் என் தூண்டில்.

"எங்க கிளம்பிட்டீங்க மூணு பேரும்?"

"ஏரிக்கு. நீங்கதானே சொன்னீங்க. மூணு நாள்."

"நீயா ஓட்டப்போறே?"

"கடை டெலிவரி வேனை எட்டு வருஷமா யார் ஓட்டறான்னு நினைச்சீங்க?"

நான் நினைத்ததில்லை. கேட்டதும் இல்லை.

"அப்போ நான்?"

"மூணு சீட்டுதாங்க இருக்கு."

"இரு, உனக்கு எப்படி லீவு...?"

"நீங்க போட்ட அன்னிக்கே நானும் போட்டுட்டேன். உங்க லீவு லெட்டர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. துவைக்கறது நான்தானே? எங்க தொழில்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்; ஒயர் விஷயத்தை அந்தக் கடைக்காரர் அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டார்."

எஞ்சினைக் கிளப்பினாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க தனியா போயிருந்தா ரெண்டு சீட்டு காலியாத்தானே இருந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வந்திருப்பேன்."

 வண்டி தெருமுனை திரும்பியது. வயிற்றெரிச்சலா வெட்கமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வாங்க மாப்பிள்ளை, வந்து உக்காருங்க" என்றார் மாமியார். "மூணு நாளைக்கு நாம ரெண்டு பேர் மட்டும்தான்."