அரசுச் சொத்தை நனைத்தவள்

ஒரு காட்டில் ஒரு சிற்றாறு, அதன் குறுக்கே ஒரு பழைய, குட்டையான தடுப்பணை. அணைக்குக் கீழே பள்ளத்தில் செல்லாயி என்னும் முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். பக்கத்து வளையில், யாரையும் எதுவும் கேட்காத ஒரு முயல் குடும்பம். மேட்டு நிலம் முழுக்க அரண்மனைக்குச் சொந்தம் என்பதால் இவர்களுக்குப் பள்ளம்தான் வாய்த்தது.

மழைக்காலத்தில் அணையின் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. செல்லாயி அணை அதிகாரி நரியாரிடம் ஓடினாள்.

“ஐயா, அடியில ஓட்டை விழுந்திருக்கு. அணை போச்சுன்னா என் புள்ளைங்களும் போயிரும்.”

“இந்தச் சேத்துல ஜீப் வராதும்மா. நாங்க எப்பவும் கோடையிலதான் ஆய்வு பண்ணுவோம்,” என்றார் நரியார். அந்த இலாகாவில் அதுதான் வழக்கம்.

கோடை வந்தது, ஆறு வறண்டது. நரியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அணையைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு சொட்டுகூடக் கசியலையே.”

“ஆத்துலயே தண்ணி இல்லையே, ஐயா.”

“அது வேற இலாகா.”

செல்லாயி மழையில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். “ஆத்துல தண்ணி ஓடாம வேற என்ன ஓடும்?” என்று கேட்டுவிட்டு அவர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்காக அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. சிங்கம் சுற்றுப்பயணம் போயிருந்ததால் பொறுப்பு ராஜாவாக இருந்த கரடியார், அணையைப் பலப்படுத்தி மேம்படுத்த உத்தரவிட்டார். அவருக்குக் குளிக்க ஆழம் போதவில்லை. யானைகள் வந்து அணையின் தலையில் இரண்டு வரிசைக் கல் அடுக்கின. அடியை யாரும் தொடவில்லை, குனிந்து வேலை பார்ப்பது யானைகளுக்குக் கஷ்டம். பிறகு வெள்ளையடித்து, கைப்பிடி வைத்து, கரடியாரின் படத்தையும் வரைந்தார்கள்.

செல்லாயி மறுபடியும் நரியாரிடம் ஓடினாள். இனி தேங்கப்போகும் தண்ணீர் முழுவதும் அவள் குட்டிகளின் தலைக்கு மேலேதான் நிற்கும்.

“மேட்டுல ஒரு மூலை குடுங்கய்யா, போயிடுறோம்.”

“அணை இவ்வளவு பலமா இருக்கும்போது உனக்கு இடம் எதுக்கு?” என்றார் நரியார்.

திறப்பு விழா அன்று கரடியார் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். அந்த நேரம் பார்த்து செல்லாயி அணையின் மறுபக்கம் போய், ஊற்றில் மொண்டு வந்த ஒரு குடம் தண்ணீரை ஓட்டையில் ஊற்றினாள். அது அணைக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்து கரடியாரின் செருப்பை நனைத்தது.

“பாத்தீங்களா மகாராஜா,” என்றார் நரியார். “இவ தண்ணி ஊத்துற வரைக்கும் கசிவே கிடையாது.”

அரசுச் சொத்தை நனைத்த குற்றத்துக்காக, மழைக்காலம் முடியும்வரை மலையுச்சிக் குகையில் சிறைவாசம் என்று தீர்ப்பானது.

“புள்ளைங்கள யாரு பாத்துக்குவா?” என்று செல்லாயி அழுதாள்.

“அவங்களும் உடந்தைதான்,” என்று குட்டிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

போகிற வழியில் முயலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “உனக்கு எதுக்குடி இந்த வேலை? எங்களப் பாரு, என்னிக்காவது வாயத் தொறந்தோமா?”

ஐப்பசியில் மழை கொட்டியது. புதுக் கல்லின் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. பழைய அடி தாங்கவில்லை, மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பள்ளத்தில் ஒரு வளைகூட மிஞ்சவில்லை. முயல் குடும்பத்தில் ஒருவரும் தப்பவில்லை. சிறைக் கம்பியைப் பிடித்தபடி செல்லாயி தேம்பித் தேம்பி அழுதாள். அவள் குட்டிகள் பின்னால் உலர்ந்த தரையில் தூங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த கோடையில் நரியார் வழக்கம்போல் ஆய்வுக்கு வந்தார். அணை இருந்த இடத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, இப்போது எங்கும் கசிவு இல்லை என்று அறிக்கை கொடுத்தார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

நீதி: ஏழைக்கு அரசாங்கம் மேட்டில் இடம் தருவது சிறையில் மட்டுமே. ஆகவே வெள்ளம் வருவதற்குள் குடும்பத்தோடு உண்மையைச் சொல்லிவிடுங்கள்.