கட்டில்காலில் காது வைத்தவர்

எமனே நேரில் வந்திருந்தால்கூட எங்கள் மில் லைன்காரர்கள், "வாங்க, உக்காருங்க, காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டிருப்பார்கள். கட்டில்காரர் வருகிறார் என்றால் மட்டும் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்.

ஐம்பதுகளின் கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரு மில்லில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் கட்டில்காரருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நிலம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு சாண் தோண்டினால் பாறை. அதில் பீட்ரூட் போட்டே தீருவேன் என்று மனுஷருக்கு வெறி. பாறை கீழே விடவில்லை என்றதும் மேலே எழும்பினார். முழங்கால் உயரத்துக்குச் சுற்றிலும் அடைப்புக் கட்டி, உள்ளே மண்ணை நிரப்பி மேட்டுப்பாத்தி போட ஆரம்பித்தார்.

அடைப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த சாமான்தான் ஊரைக் கதிகலங்க வைத்தது. எங்கள் லைனில் உயிர் பிரிந்த கட்டிலை வீட்டில் வைத்துக்கொள்ள எல்லோருக்கும் பயம். வாசலில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அழுகை ஓய்வதற்குள் இவர் வந்து நிற்பார். கட்டில்காலை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "ஏனுங்க, வாரீங்களா?" என்று மரத்திடம் விசாரிப்பார். மரம் என்ன சொல்லுமோ தெரியாது. "செரிங்க, போலாமுங்க" என்று தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார். நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க, கட்டில் தானாகத் தெருவில் போகிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் நடுப்பகலில் அந்தத் தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கட்டில்களின் மேல்பலகையைக் கழற்றி, அதையே நான்கு கால்களையும் சுற்றி அடைத்து, அடியில் ஈரம் நிற்க மில் பஞ்சுக் கழிவு, மேலே குளத்து வண்டல். அதாவது மெத்தை போட்டிருந்தார். முளைவிடும் விதைக்கு வெயில் படாமல் இருக்கப் பழைய பவானி ஜமுக்காளம் வேறு. வரிசையாக ஆட்கள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பது போல இருந்தது. அதில் ஒரு ஜமுக்காளம் மெல்ல ஏறி இறங்கியது.

"ஆ... ஆருங்க அது?" என்றேன்.

"போன மாசம் போய்ச் சேந்த மாரக்கா கட்டிலுங்க. எப்பவும் இப்படித்தான், பொரண்டு பொரண்டு படுப்பாங்க."

அதற்குள் அடியிலிருந்து ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடியது. எனக்கு உயிர் வந்தது. கோழி போன பிறகும் ஜமுக்காளம் ஏறி இறங்கியதைப் பார்த்தபோது வந்த உயிர் திரும்பிப் போனது.

"கல்லு, செங்கல்லு வெச்சுக் கட்டக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"கருங்கல்லு வெயில்ல சுட்டு வேரை வேகவெச்சுப்போடுமுங்க. செங்கல்லு நாம ஊத்தற தண்ணியத் தானே குடிச்சுப்போடும். தகரம் துருவேறும். புது மரம் மழைக்கு முறுக்கிக்குமுங்க. ஆளைத் தாங்கிப் பழகுன மரந்தான் அசையாமக் கெடக்கும்."

அந்த பீட்ரூட்டை லைனில் ஒருவரும் தொடமாட்டோம். பஸ்ஸில் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிவிடுவார். அதையே நாங்கள் சந்தையில் வாங்கி வந்து, "ஊட்டிக் காய்னா ஊட்டிக் காய்தானுங்க!" என்று சப்புக்கொட்டிச் சாப்பிடுவோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு தடவை, இருமிக்கொண்டிருந்த ஸ்பின்னிங் மேஸ்திரியை ஜன்னல் வழியாகப் பார்த்து, "நல்ல வேங்கைக் கட்டிலுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி அந்த வாரம் தாண்டவில்லை. அன்றிலிருந்துதான் கதவுகள் சாத்திக்கொண்டன.

அப்புறம் என் மனைவி சரசுவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. டாக்டர் மாத்திரையில் காய்ச்சல் இறங்கிவிட்டது, சரசு ஏறவில்லை. கஞ்சியைத் தொடமாட்டாள். சுவரைப் பார்த்தே கிடந்தாள். "இனிமே அவங்க மனசு வெக்கோணுமுங்க" என்று டாக்டர் கையை விரித்தார். ஒரு நாள் சுவரிடமே கேட்டாள்: "ஏனுங்க, கட்டில்காரர் இன்னும் வரலீங்களா?"

மறுநாள் மத்தியானம் வந்துவிட்டார். நான் வாசலை மறித்து நின்றேன். வீரமெல்லாம் இல்லை, கால் நகரவில்லை. என் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். ஒவ்வொரு காலாகத் தட்டினார். காதை வைத்தார். நிமிர்ந்து சரசுவை நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"இது எனக்கு ஆவாதுங்க அம்மணி."

"ஏனுங்க?" என்றாள் சரசு, சுவரிலிருந்து திரும்பி.

"வைரம் பாஞ்ச மரமுங்க. நாம போய்ச் சேந்தாலும் இது போவாது. உங்க பேரம்பேத்தியெல்லாம் இதுல படுத்து உருளோணும். எதுக்குங்க என்னைய வெட்டியா நடக்க வெக்கறீங்க?" என்று சலித்துக்கொண்டே போய்விட்டார்.

சரசுவுக்கு வந்ததே கோபம்! "என்னமோ நாந்தான் ஆளு உட்டுக் கூப்பிட்ட மாதிரி பேசிப்போட்டுப் போறாரு!" என்று எழுந்து உட்கார்ந்தாள். அந்தக் கோபத்திலேயே ரசஞ்சோறு கேட்டாள்.

உடம்பு தேறிக் கன்னம் பூசிய பிறகு ஒரு நாள் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படார் என்று கட்டில் சரிந்தது. சரசு தரையில், கீரை தலையில். அவள் சிரிக்கிறாள், நான் கட்டில்காலைப் பார்க்கிறேன். உள்ளே மரமே இல்லை. முழுக்க உளுத்து மாவாகிக் கிடந்தது.

அந்த மாவை அள்ளிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். கடைசி வரிசையில் பஞ்சும் வண்டலும் ஒரு கட்டில் நீளத்துக்குக் குவித்துத் தயாராகக் கிடந்தன. சுற்றி அடைக்கச் சட்டம் மட்டும் இல்லை. அன்று அவர் மெய்யாகவே கட்டிலை எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறார். காலைத் தட்டிக் காது வைத்தவருக்கு உள்ளே மாவு என்று தெரியாமலா இருந்திருக்கும்?

கையை விரித்து மாவைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அம்மணிக்கு அடிகிடி ஒண்ணும் படலீங்களே?" என்றார் பதறிப்போய்.

இல்லை என்று தலையாட்டினேன். அந்த மனுஷரின் கையை அன்று பிடித்துக்கொண்டவன், நெடுநேரம் விடவே இல்லை.