கிராம் பாய் போட்ட கோடு

கடலூர் முதுநகரில் சோற்றை எடை போட்டுச் சாப்பிட்ட ஒரே மனிதர் கிராம் பாய். ஊரில் மட்டும் இல்லை, நான் பார்த்த வரை உலகத்திலேயே அவர் ஒருவர்தான். நான் பார்த்த உலகம் சிதம்பரம் வரைக்கும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிவாசல் நோட்டில் இருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஆள் ஒல்லி. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தோளில் துணிப்பை. பைக்குள் ஒரு தராசு. பேட்டரி போட்டது. சிலேட்டு மாதிரி தட்டையாக இருக்கும். சவூதியில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் இருபத்தாறு வருஷம் சோறு அளந்து போட்டவர். ஆளுக்கு இவ்வளவு சோறு, இவ்வளவு கறி. கூடக் குறையப் போனால் சண்டை வரும். அங்கிருந்து திரும்பியவர்கள் டிவி கொண்டு வந்தார்கள், கம்பளி கொண்டு வந்தார்கள். இவர் தராசு கொண்டு வந்தார்.

டீக்கடையில் உட்கார்ந்தால் முதலில் தராசு வெளியே வரும். சர்க்கரையைத் தனியாகக் கேட்டு வாங்கி எடை போடுவார். பாதியைத் திருப்பிக் கொடுப்பார். கடைக்காரர் ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"பாய், இது என்னா டீக்கடையா, நகைக்கடையா?"

"நகையத் தின்னா ஒண்ணும் ஆவாது. கழிஞ்சிரும். இதத் தின்னா தங்கிரும்."



கிராம் பாய் வீட்டு வாசல் தாண்டியதும் நடையில் ஆள் எடை பார்க்கும் மிஷின் ஒன்று கிடக்கும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி அதில் ஏறி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். அன்றிலிருந்து அந்த எண்தான் அவர்களுக்குப் பெயர். "வாங்க எழுபத்தெட்டு." "நாப்பத்தொம்போது, வூட்ல சோறு போடுறாங்களா இல்லியா?" தெருவில் பெரிய மனிதர் ஒருவர் நூற்றுப் பதினொன்று. கடைவீதியில் பத்துப் பேர் முன்னால் கிராம் பாய் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு வந்த கோபம் கொஞ்சம் இல்லை. ஒரு மாசம் பேச்சு இல்லை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராக கிராம் பாய் வீட்டுக்குப் போனார். ஏறி நின்றார். நூற்றுப் பத்து. பெயரை மாற்றிக்கொண்டு வந்தார்.

நான் தொண்ணூற்றாறு.

நான் சிப்காட்டில் பைப் ஃபிட்டர். கான்ட்ராக்ட் ஆள். வேலை எல்லாம் மேலே, சாரத்தில். இடுப்பிலும் தோளிலும் பெல்ட் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். கால் தவறினால் பெல்ட்தான் தாங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே ஏற பாஸ் கிடைக்கும். அந்த வருஷம் டாக்டர் போடவில்லை.

"இந்த பெல்ட்டு நூறு கிலோ வரைக்கும்தான். நீ தொண்ணூத்தாறு. இடுப்புல டூல்ஸ் எட்டு கிலோ. கூட்டிப் பாரு."

கூட்டினேன்.

"மூணு மாசம் டைம் தரேன், அது வரைக்கும் கீழ வேலை பாரு. தொண்ணூறுக்கு வா. இல்லன்னா மேல ஏற முடியாது."

மேலே ஏறாத ஃபிட்டரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. ஆறாவதோடு படிப்பு முடிந்தது.

அன்று சாயந்திரம் கிராம் பாய் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"பிரஷர், சுகர்?"

"பிரஷர் கொஞ்சம் இருக்கு. மாத்திரை போடுறேன்."

"அத நிறுத்தாத. மாத்திரைக்கு டாக்டரு. தட்டுக்கு நான். நாளைக்கு உன் வூட்டுக்கு வரேன்."

வந்தார். என் தட்டில் என் வீட்டுக்காரி போட்ட சோற்றை எடை போட்டார். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

"இது மெஸ்ஸுல மூணு ஆளு சோறு."

என் வீட்டுக்காரி உள்ளே இருந்து எனக்குச் சொல்வது மாதிரி அவருக்குச் சொன்னாள். "ஆக்குற கையத் தவுத்து எல்லாரும் கணக்குப் பாக்க வந்துடுறாங்க."

"உன் கைமேல குத்தம் இல்லம்மா. கரண்டி பெருசு."

அலமாரியில் இருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். சோறு இதில் ஒன்று, அவ்வளவுதான். தட்டில் பாதி கீரையோ, அவரைக்காயோ, சுரைக்காயோ. மீதியில் மீனோ முட்டையோ கொண்டைக்கடலையோ. பொரித்தது வாரத்துக்கு ஒரு நாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"புள்ளைங்க தட்டுல மிச்சம் வெச்சா யாரு திங்கிறது?"

"நான்தான். வீணாப் போவக் கூடாதுன்னு..."

"அதான் நாலு கிலோ."

என் வீட்டுக்காரி உள்ளே சிரித்தாள். அன்றிலிருந்து அவள் அவர் கட்சி.

முதல் வாரம் கஷ்டம். நாலாவது நாள் எதைப் பார்த்தாலும் கோபம் வந்தது. கிராம் பாயிடம் போய்ச் சொன்னேன்.

"பசி வேற, ஆச வேற. ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வா. ஆசையா இருந்தா போயிரும். போவலன்னா பசி. வந்து சாப்புடு."

நடந்தேன். பல நாள் போய்விட்டது. சில நாள் போகவில்லை. சாப்பிட்டேன்.

தொண்ணூற்றைந்து ஆனேன். தொண்ணூற்று மூன்று ஆனேன். தெருவில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. பதினைந்து நாள் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றேன். பயம் வந்தது. கூட வேலை செய்கிற ஒருத்தன் சிதம்பரத்தில் இருந்து ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தான். சோற்றுக்குப் பதில் இதைக் கலக்கிக் குடி மச்சான், பத்தே நாளில் அஞ்சு கிலோ என்றான். மீன் எண்ணெய் மாத்திரையும் கூடவே ஒரு பாட்டில். வண்டிப் பெட்டியில் ஒளித்து வைத்தேன்.

கிராம் பாய் கண்டுபிடித்துவிட்டார். வண்டி எடை கூடினால்கூட அவருக்குத் தெரியும் போலிருக்கிறது.

டப்பாவை வாங்கினார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. திருப்பினார். இங்கிலீஷ் அவருக்கு வராது. ஆனால் சர்க்கரை, உப்பு, புரதம், கொழுப்பு, இந்த நாலு வார்த்தை எந்த டப்பாவில் எங்கே இருந்தாலும் விரல் வைப்பார். மெஸ்ஸில் பழகியது.

"முன்னாடி இருக்கறது படம். பின்னாடி இருக்கறதுதான் பேச்சு. இங்க பாரு, சர்க்கரை. ஒரு கரண்டில பாதிகிட்ட அதான். டீக்கடையில நான் திருப்பிக் குடுக்கறத நீ டப்பாவுல வாங்கியாந்திருக்க."

"புரதம் இருக்குன்னு சொன்னான் பாய்."

"இருக்கு. ரெண்டு முட்டையில இருக்கற அளவு இருக்கு. முட்டைக்குப் பின்னால எழுத்து இல்ல. அதனால உனக்கு நம்பிக்கை இல்ல."

மாத்திரை பாட்டிலை எடுத்தார். குலுக்கினார்.

"துறைமுகம் உன் வூட்ல இருந்து எவ்வளவு தூரம்?"

"நடந்தா பத்து நிமிஷம்."

"மத்தி மீன் கூடை கூடையா எறங்குது. நீ மீனோட எண்ணெய மருந்துக் கடையில வாங்கற."

தலை குனிந்தேன்.

"டாக்டரு எழுதிக் குடுத்தா சாப்புடு. பக்கத்து ஆளு சொன்னான்னு வாங்காத. பிரஷர் மாத்திரை வேற போடுற. எதோட எது சேரும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

எடை நின்றால் பயப்படாதே, நடையைக் கூட்டு என்றார். காலையில் அவரே கூட வந்தார். துறைமுகம் வரை போய்த் திரும்புவோம். இரண்டு பேரும் பேச மாட்டோம். எனக்கு அது பிடித்திருந்தது.

கடைசி வாரம் வந்தது. திங்கட்கிழமை காலை கம்பெனியில் எடை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை பரங்கிப்பேட்டையில் என் மச்சினனுக்கு நிக்காஹ். சனிக்கிழமை கிராம் பாய் வீட்டு மிஷினில் ஏறினேன். தொண்ணூறு புள்ளி நாலு.

"போவாம இருந்தா?" என்றேன்.

"வூட்டு மாப்புள்ள நீ. போவாம இருப்பியா? நானும் வரேன்."

பரங்கிப்பேட்டை விருந்து என்றால் சஹன். பெரிய தட்டில் சோறும் கறியும் குவித்து வைப்பார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். இதில் உன் சோறு என் சோறு கிடையாது. கூட இருப்பவர்கள் நல்ல துண்டாகப் பார்த்து விருந்தாளி பக்கம் தள்ளுவார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் தள்ளியவர் முகம் வாடிவிடும். அதிலும் வீட்டு மாப்பிள்ளை என்றால் மூன்று பக்கமும் இருந்து வரும்.

எங்கள் சஹனில் நான், கிராம் பாய், மாமனாரின் அண்ணனான என் பெரிய மாமா, அவர் மகன். என் மாமனார் கறி வாளியோடு தலைக்கு மேல் நின்றார். தராசு பையிலேயே இருந்தது. நாலு கை விழுகிற தட்டை எந்தத் தராசில் வைப்பது?

பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். கிராம் பாய் ஆட்காட்டி விரலைச் சோற்றில் வைத்து என் முன்னால் ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு இந்தப் பக்கம் தொண்ணூறோட பங்கு."

பெரிய மாமா கையை நிறுத்தினார். "என்னாய்யா இது? எங்க வாப்பா சொத்தையே நாங்க கோடு போட்டுப் பிரிக்கல. சோத்தப் பிரிக்கிற?"

"நாளைக்கு இவருக்கு வேலை இருக்கு," என்றார் கிராம் பாய். அவ்வளவுதான் சொன்னார்.

யாரும் கேட்கவில்லை. பெரிய மாமா ஒரு தொடைக்கறியை எடுத்துக் கோட்டைத் தாண்டி என் பக்கம் வைத்தார். "சாப்புடு மாப்புள்ள. வேலை எங்கயும் ஓடாது." மாமனார் மேலே இருந்து இரண்டு துண்டு போட்டார். நான் கிராம் பாயைப் பார்த்தேன்.

அவர் விரலை வைத்து, போட்ட கோட்டை அழித்து, கொஞ்சம் என் பக்கமாகத் தள்ளிப் போட்டார். தொடைக்கறி இப்போது அவர் பக்கம் இருந்தது. எடுத்துச் சாப்பிட்டார்.

மறுபடி கறி வந்தது. மறுபடி கோடு நகர்ந்தது. ஈரல் வந்தது, நகர்ந்தது. நெய்ச்சோறு வந்தது, நகர்ந்தது. கடைசியில் என் பங்கு ஒரு உள்ளங்கை அளவு ஆனது. இருபத்தாறு வருஷம் மற்றவர்களுக்கு அளந்து போட்டுத் தான் ஒரு டம்ளருக்கு மேல் தொடாத மனிதர், தலை நிமிராமல் சாப்பிட்டார். நெற்றி வேர்த்தது. கை நிற்கவில்லை.

தட்டு காலி ஆனது. மாமனாருக்கு முகம் மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ். மாப்புள்ள நல்லா சாப்புட்டாரு."

திரும்பி வருகிற பஸ்ஸில் கிராம் பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே வந்தார்.

திங்கட்கிழமை காலை கம்பெனி மிஷினில் ஏறினேன். பனியனோடு. எண்பத்தொன்பது புள்ளி எட்டு. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை ஏறச் சொன்னார். அதேதான். கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே சாரத்தில் ஏறினேன். மேலே இருந்து பார்த்தால் கடல் தெரியும். மூன்று மாசமாக நான் அதைப் பார்க்கவில்லை.

சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போனேன். பாயில் படுத்திருந்தார். பக்கத்தில் கஞ்சி. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. விடிந்ததில் இருந்து கொல்லைக்கும் பாய்க்கும் நடை. பாஸைக் காட்டினேன். தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"எம்பத்தொம்போது புள்ளி எட்டு."

"சரி," என்றார்.

அவர் கையைப் பிடித்துத் தூக்கி நடைக்குக் கூட்டிப் போனேன். மிஷினில் ஏற்றினேன். அதில் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை. ஐம்பத்தாறு.

"நேத்து வரைக்கும் அம்பத்தெட்டு," என்றார். "கல்யாணச் சோறு தின்னுட்டு ரெண்டு கிலோ எறங்குன ஒரே ஆளு நான்தான்."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போன மாசம் முதுநகரிலேயே ஒரு நிக்காஹ். பரங்கிப்பேட்டை சம்பந்தம், அதனால் இங்கேயும் சஹன் வைத்தார்கள். பக்கத்தில் கிராம் பாய். வழக்கம் போலக் கோடு போட்டார். இப்போது நான் எண்பத்தேழு. பங்கும் அதற்குத் தகுந்த மாதிரி. அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். நான் ஒரு ஈரல் துண்டை எடுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

திரும்பினார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நாப்பது கிராம்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

முப்பத்தைந்துதான் இருக்கும்.