சாக்பீஸ் வட்டத்துக்குள் வைஃபை

அன்பும் ரகசியம் காக்கும் குணமும் ஒருங்கே வாய்த்த அக்காவுக்கு,

இங்கே மனிதர்கள் எல்லாரும் சௌக்கியம். கம்பிகளுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. அங்கே நீயும் மாமாவும் குட்டியும் சுகமென்று நம்பி நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஏன் காகிதம் என்று கேட்காதே. இந்த வீட்டில் யாரும் எட்டிப் பார்க்காத திரை இது ஒன்றுதான்.

அடிக்குறிப்பு கேட்டுவிட்டார். என்னோடு மெய்ப்புப் பார்ப்பவர், எதைச் சொன்னாலும் ஒரு விளக்கம் சேர்ப்பவர் என்று நாம் பெயர் வைத்தோமே, அவரேதான். ஒரு மெய்ப்பின் ஓரத்தில் "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று எழுதி, கீழே, "அவசரமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் என் தூக்கத்துக்கு நல்லது" என்று விளக்கமும் சேர்த்திருந்தார். வெளியூர்க்காரர், ஆனாலும் பதிலை மடிக்கணினியிலாவது முகம் பார்த்துச் சொல்ல எனக்கு ஆசை. எங்கிருந்து சொல்வது? நம் தெருவில்தான் செல்போன் இணையம் எட்டாதே. இணையத்துக்காக அப்பா வீடு முழுக்க இழுத்த நீலக் கம்பியில், பெயின்டர் பூசி மூடியது போக உயிரோடிருக்கும் முனைகள் இரண்டு. ஒன்று சித்தப்பா அறையில்; அங்கே அவர் ஓயாமல் ஆன்லைனில் செஸ் ஆடுகிறார். மற்றது ஹாலில், அப்பாவின் நாற்காலியை ஒட்டி. ஒரு நாள் துணிந்து அங்கேயே பேசினேன். "யோசிச்சீங்களா?" என்றார் அவர். "என்னம்மா யோசிக்கணுமாம்?" என்றார் அப்பா. "கமா போடலாமா வேண்டாமான்னு கேக்கறார்ப்பா." "போட்டுத் தொலையேன், எதுக்கு ஆளை இழுத்தடிக்கற?" என்று அப்பாவே சம்மதம் கொடுத்துவிட்டார், பாவம், எதற்கென்று தெரியாமல்.

ஆகவே வைஃபை பெட்டி வாங்கினேன். வீட்டில் சொன்ன காரணம் வேலை. உண்மைக் காரணம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவு. "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை எப்படி நம்பறது?" என்று அப்பா கேட்க, "கண்ணுக்குத் தெரியற உங்களை நம்பி நான் என்னத்தைக் கண்டேன்?" என்று அம்மா கேட்க, பெட்டி வீட்டுக்குள் நுழைந்தது. ஹாலிலுள்ள பழைய பெட்டியிலிருந்து மாடிப்படி உச்சி வரை அதற்கும் ஒரு கம்பி வேண்டும் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, ஒயர்லெஸ்ஸும் கடைசியில ஒயர்கிட்டதான் வந்து நிக்குது!" அவரே ஏணி ஏறி ஆணி அடித்தார். நான் சொருகினேன். அவ்வளவுதான், வீடே இருண்டது போல் இணையம் செத்தது. "ராணிய வெட்டக் கை வெச்சேன், அத்துக்கிச்சே! ஜென்மத்துல முதல் தடவையா ஜெயிச்சிருப்பேன்!" என்று சித்தப்பா லுங்கியைப் பிடித்தபடி ஓடி வந்தார். கடைக்காரர் போனில் சிரித்தார். பழைய பெட்டி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விலாசம் கொடுத்துவந்ததாம். இப்போது புதியதும் போட்டிக்குக் கொடுக்கிறதாம். புதியதை வாயை மூடச் சொல்ல வேண்டுமாம். "ரெண்டு பேர் அதிகாரம் பண்ணினா எந்த வீடு உருப்படும்?" என்று அப்பா அம்மாவைப் பார்க்க, "அதான், நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள் அம்மா. நான் புதுப்பெட்டியின் வாயை மூடினேன். உயிர் வந்தது.

வந்தது எனக்கல்ல. எதற்கும் அடையாளம் வைக்கும் அப்பா, ஒரு கையில் போனும் மறு கையில் சாக்பீஸுமாக வீட்டை அளந்து, சிக்னல் கிடைக்கும் இடமெல்லாம் தரையில் வட்டம் போட்டார். மிகப் பெரிய வட்டம் எங்கே தெரியுமா? தண்ணீர்த் தொட்டி மறைவில்! "முதல் தரம்" என்று பக்கத்திலேயே எழுதியும் விட்டார். இப்போது வட்டத்துக்குள் அப்பாவின் நாற்காலி, சித்தப்பாவின் செஸ், தன் தங்கையோடு போனில் பேசியபடி அம்மா. நான் நிற்கக்கூட இடமில்லை. நாளை ஞாயிறு.

அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இது கைக்கு வந்ததும் போன் செய்து, மாடிக்காற்று அப்பாவின் முட்டிக்கு ஆகாது என்று சொல்லி எல்லாரையும் கீழே இறக்கு. நாளைக்குள் இது வந்து சேராது என்பதும் தெரியும்; ஆனாலும் யாரிடமாவது புலம்ப வேண்டாமா?

மாமாவுக்கு என் வணக்கம். குட்டிக்குக் கன்னம் சிவக்க முத்தம். உனக்கு, நீ கேட்காமலேயே, ஆயுசு முழுக்கக் கடன்பட்ட

உன் சின்னவள்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்துவிடாதே! கடிதத்தை ஒட்டப் பசை தேடி ஹாலுக்கு வந்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. நீலக் கம்பி மட்டும் தனியாகத் தொங்கியது. சொருகினேன், அவரைக் கூப்பிட்டேன், சரி என்று சொல்லிவிட்டேன். அடிக்குறிப்பு முதல் முறையாக எந்த விளக்கமும் சேர்க்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார். நடுவில் மேலேயிருந்து அப்பா குரல்: "அங்க தனியா என்னடி பண்ற? மேல வா, சிக்னல் பிரமாதம்!" "வேண்டாம்ப்பா, எனக்கு ஒயரே போதும்" என்றேன். "அவதான்டா என் பொண்ணு" என்று சித்தப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். முட்டிக்கு மாடிக்காற்று ரொம்ப நல்லது என்று சொல். இரண்டு சாக்பீஸ் டப்பாவும் அனுப்பு.