உள்ளே ஆள் தூங்குகிறார்

மல்காஸ் கண்ணைத் திறந்தபோது கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பேர் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் மனைவி போலிருந்தது. மனைவியின் கையில் பாதி தின்ற ஐஸ்கிரீம்.

"எழுந்துட்டாரு" என்றாள் அவள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"யாரு நீங்க?"

"நீங்க படுங்க சார், எங்களுக்காக எழுந்திரிக்க வேணாம். கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு."

தாழ்ப்பாள் மார்ச் மாதமே கெட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ராத்திரி மணி பத்தே கால். காலை எட்டு மணிக்கு மல்காஸுக்குப் போலிஷ் மொழிப் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. இந்த முறை தேறினால் நிரந்தரமாகத் தங்கும் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். "அட்டையைக் காட்டு, அடுத்த பஸ்ஸில நானும் பொண்ணும் ஏறுறோம். அதுவரைக்கும் வா வான்னு கூப்பிடாதே" என்று ஜார்ஜியாவில், குதாயிசி நகரத்தில் இருக்கும் அவர் மனைவி எலிசோ கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான், போலந்தின் லுப்ளின் நகரமே விடிய விடியக் கலை விழா கொண்டாடும் இரவில், பழைய நகரத்தின் நட்ட நடுவில், மூன்றாம் மாடியில், மனிதர் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"படிக்கட்டுல அம்புக்குறி இருக்கே சார். 'வெளிநாட்டவர் வீடு, உள்ளே வரலாம்'னு போட்டு உங்க கதவைத்தான் காட்டுது."

யாரோ தப்பாக ஒட்டிவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் மல்காஸ் ஜார்ஜியாக்காரர். வாசல்படி தாண்டி வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்பினார் என்று தெரிந்தால் அப்புறம் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. அவர் வேலை பார்ப்பதோ ரொட்டிக் கடையில். மறுநாள் மதியத்துக்கு வைத்திருந்த பாலாடைக்கட்டி ரொட்டியை வெட்டி வைத்தார். ரொட்டி வைத்தால் ஒயின் ஊற்ற வேண்டும். ஒயின் ஊற்றினால் கோப்பையைத் தூக்கி நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும். வந்தவர்களின் பெற்றோரை வாழ்த்தி முடிப்பதற்குள் மணி பத்து ஐம்பது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் படிக்கட்டில் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லாமல் போகவில்லை.

பதினோரு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் ரொட்டி, அவர்களின் பெற்றோருக்கும் வாழ்த்து.

அவர்கள் போனதும் மல்காஸ் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அலேசியா திறந்தாள். பெலாரஸ்காரி, தையல் கடையில் வேலை. அவளுக்கும் அதே பரீட்சை, அதே ஹால். இரண்டு மாதமாக அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் இருவரும் இலக்கணத்தை மனப்பாடம் செய்தார்கள். தலையில் சுருட்டைக் கிளிப்புகள், கண்ணில் தூக்கம். பாவம், இவளையும் எழுப்பிவிட்டோமே என்று மல்காஸுக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது.

"விழாக்காரங்க யாரோ அம்புக்குறியைத் தப்பா ஒட்டிட்டாங்கம்மா. கிழிச்சிடட்டுமா?"

"ஐயோ, கிழிச்சா அபராதம் போடுவாங்கண்ணே! நீங்க ஒரு சீட்டு எழுதிக் கதவுல ஒட்டுங்க. 'உள்ளே ஆள் தூங்குகிறார்'னு. யாரும் வரமாட்டாங்க."

நல்ல யோசனை. எழுதி ஒட்டிவிட்டுப் படுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஆள். முன்பு பேசிக்கொண்டு வந்தவர்கள் இப்போது செருப்பைக் கையில் பிடித்து நுனிக்காலில் வந்தார்கள். ஒருவர் சீட்டைப் படித்துவிட்டு, "தலைப்பே எவ்வளவு எளிமை பாருங்க" என்றார்.

"இந்தக் குறட்டை பதிவு பண்ணினதா, நேரடியா?"

"ஷ்ஷ்! நேரடிதான். மூக்கு அசையுது பாரு."

ஒரு பெரியம்மா போர்வையை இழுத்து அவர் தோள்வரை மூடினாள். மூடியவள் அங்கேயே விசும்ப ஆரம்பித்தாள். "வேத்து ஊர்ல, ஒத்தை ஆளா, எப்படிக் கிடக்கிறான் பாருங்க!"

அழுகிற அம்மாவை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க முடியுமா? எழுந்து தேநீர் போட்டார்.

ஒரு மணிக்கு மறுபடியும் எதிர்க்கதவு.

"அப்படின்னா கதவை விரியத் திறந்து வச்சிட்டு நீங்க வெளியே போயிடுங்கண்ணே" என்றாள் அலேசியா, கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "ஆள் இல்லைன்னா பார்த்துட்டுக் கலைஞ்சிடுவாங்க. ஊர் முழுக்கக் கண்காட்சிதானே, எங்கயாவது இருட்டா ஒரு மூலை கிடைக்காமலா போகும்?"

மல்காஸ் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். சந்துக்குச் சந்து காகித விளக்குகள். தேவாலயத்துக்குள் நுழைந்தால் ஆறு மணி நேர ஆர்கன் கச்சேரி. கோட்டை வாசலில் இருபது பேர் தகர வாளிகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள்கூடத் தூங்காமல் அப்பாக்களின் தோளில் உட்கார்ந்து கைதட்டின. ஊரே சந்தோஷமாக இருந்தது. ஐந்து வருடத்தில் இந்த விழாவை அவர் ஒருமுறைகூடச் சுற்றிப் பார்த்ததில்லை. எலிசோ வந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தார். இப்போது தலையணையோடு தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு நிலவறை கிடைத்தது. கும்மிருட்டு, தரையெல்லாம் பாய், மெல்லிய தண்ணீர்ச் சத்தம், வரிசையாகப் படுத்திருக்கும் மனிதர்கள். கடவுளே என்று சரிந்தார். கண் சொருகிய நேரத்தில் ஒரு கை தோளை உலுக்கியது.

"சார், ஆளுக்குப் பத்து நிமிஷம்தான். வெளியே க்யூ நிக்குது."

"அம்மா, எனக்குக் காலையில பரீட்சை."

"வாழ்க்கையே பரீட்சைதான்னு இந்தப் படைப்பு சொல்லுது சார். எழுந்திரிங்க."

மூன்று மணிக்குத் திரும்பினார். யாரும் கலைந்திருக்கவில்லை. நாற்பது பேர் இருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அவருடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அவருடைய மாவைப் பிசைந்து, அவருடைய அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கட்டிலில் எட்டுப் பேர். மல்காஸைப் பார்த்ததும் ஆரவாரம் எழுந்தது.

"வீட்டுக்காரர் வந்துட்டாரு! ஒரு வாழ்த்துச் சொல்லுங்க சார்!"

சொன்னார். அம்மாக்களுக்கு ஒன்று, பிரிந்திருப்பவர்களுக்கு ஒன்று. இரண்டாவதைச் சொல்லும்போது நிஜமாகவே அழுதுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி விருந்தாளி ஆறேகாலுக்கு, சிந்தாமல் சிதறாமல் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.

பரீட்சை ஹாலில் அலேசியா அப்போதுதான் பறித்த முள்ளங்கிபோல் இருந்தாள். "பாவம்ண்ணே நீங்க, முகமே வீங்கிப்போச்சு" என்று தன்னிடமிருந்த மிட்டாயைக் கொடுத்தாள். இத்தனை தடவை எழுப்பியும் கோபப்படாத மனசு யாருக்கு வரும் என்று நினைத்தபடி அவர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

முதலில் ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதும் பகுதி. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், தாலாட்டுகிற மாதிரி, ரயில் நேரங்களைச் சொல்லத் தொடங்கியது. கிராகோவ் ரயில் எந்த நடைமேடை என்பதுவரை மல்காஸுக்கு நினைவிருந்தது. அதற்குப் பின் அவருடைய குறட்டையில் யாருக்கும் ரயில் நேரம் கேட்கவில்லை. அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்களுக்குப் பதிவை முதலிலிருந்து போட்டார்கள்.

"நவம்பர்ல வாங்க" என்றார் தேர்வாளர். நல்ல மனிதர், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

இன்னும் ஐந்து மாதம். எலிசோவிடம் என்னவென்று சொல்வது? விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்றா? இவ்வளவு வயதுக்கு மேல் நடுத்தெருவில் நின்று அழவும் வெட்கமாக இருந்தது. வீடு வரை நடந்து, மாடியேறினார்.

மூன்றாம் மாடியில் விழாக் குழுக்காரர் ஒருவர், நரைத்த மீசை, ஏணி மேல் நின்று அம்புக்குறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மல்காஸைப் பார்த்ததும் அவசரமாக இறங்கி வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு! தன் வீட்டைத் திறந்து காட்டறதா போன வருஷமே பேர் கொடுத்து ஒத்துக்கிட்ட எதிர்வீட்டம்மா, காலையில பரீட்சை இருக்கு, நான் தூங்கணும், ஜார்ஜியாக்காரர் ராத்திரி முழுக்க விருந்தாளிகளைப் பார்த்துக்க ரெடியா இருக்காரு, அம்பை அந்தப் பக்கம் திருப்பிடுங்கன்னு நேத்து சாயங்காலம் வந்து சொன்னப்போ, நாங்க நம்பவே இல்ல!"