தொண்டைக்கு இறங்கிய கண்ணேறு

வெள்ளிக்கிழமைதோறும் சிம்பாங் பூலாய் ஊரில் மூன்று பேருந்துகள் வந்து நிற்கின்றன. எல்லாம் கண்ணொளிச் சாமிக்காக. போன வருடம்வரை கைப்பேசி உறை விற்ற பழனியப்பன்தான் இந்தச் சாமி. இறைவன் அவரை எப்போது தேர்ந்தெடுத்தான் என்று யாரும் கேட்கவில்லை.

வைத்தியம் எளிது. கண்ணில் ஒரு சொட்டுத் தீர்த்தம். சாமி நூறு எண்ணுவார். அதற்குள் தொண்டை கசக்கும். கண்ணேறு கரைந்து இறங்குகிறதாம். கசப்பு நிற்கும்வரை வாராவாரம் வரவேண்டும். இதுவரை யாருக்கும் நின்றதில்லை.

ரப்பர் தோட்டத்தில் டிரெசர் என்ற மருந்தாளர் கொடுத்த கசப்பு மருந்தைக் குடித்து வளர்ந்த சனம் அது. கசந்தால் மருந்து, இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர். மங்களமும் அப்படித்தான். கண் அழுத்த நோய்க்கு மருத்துவமனை கொடுத்த சொட்டு கசக்கவில்லை என்று மூன்று வாரமாக நிறுத்திவிட்டாள். பக்கவாட்டில் வரும் மோட்டார் சைக்கிள் இப்போது அவளுக்குத் தெரிவதில்லை. அன்று காலை அவளைச் சாலையிலிருந்து இழுத்துக் காப்பாற்றியவர், முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தாவூத். தனியே விட மனமில்லாமல் வரிசையிலும் கூடவே நின்றார். அவருக்கும் அதே நோய்.

"ஆஸ்பத்திரி மருந்த ஏன்க்கா நிறுத்துனீங்க?"

"அது கசக்கவே இல்லலா. சாமி மருந்துலதான் பவர் இருக்கு."

"எனக்குக் குடுத்தது கசக்கும்லா. மருந்து குடுத்த ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொன்னாங்க, கருவிழி லேசுல மருந்த உள்ள விடாதாம். கொஞ்சூண்டுதான் போவும். மிச்சம் கண்ணோட மூக்கோரத்து ஓட்ட வழியா தொண்டைக்கு இறங்கிரும். அப்புறம் ரத்தத்துல கலந்து, ஈரல் அதக் கரைச்சிரும். அதான் சொட்டு விட்டதும் மூக்கோரத்த அமுக்கணும்."

"சாமிய நம்பலியா நீங்க?"

"ஆண்டவன நம்புறேன்க்கா. அவன் வச்ச ஓட்டைய இவரு தன்னோடதுங்குறாரு."

மங்களத்தின் முறை வந்தது. வலது கண்ணில் சொட்டு விழுந்ததும் தாவூத் சொன்னபடி மூக்கோரத்தை அமுக்கினாள். ஏதோ முத்திரை என்று நினைத்துச் சாமி ஆசீர்வதித்தார். நூறு எண்ணியும் கசக்கவில்லை.

"தோஷம் போயிருச்சு," என்றார் சாமி. கூட்டம் கைதட்டியது.

"இடதுலயும் விடுங்க சாமி. அக்கா, இப்ப அமுக்க வேணாம்," என்றார் தாவூத்.

எண்ணிக்கை நாற்பதிலேயே மங்களம் முகம் சுளித்தாள். "கசக்குது சாமி."

"வலது கண்ணு சூரியன், இடது சந்திரன். சந்திரனுக்கு நாளாவும்," என்றார் சாமி. மூளை வேகமாகத்தான் ஓடியது.

பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் பத்துமலை உட்கார்ந்தார். மாற்றிச் செய்தார். இடதை அமுக்கினார், ஒன்றுமில்லை. வலதை அமுக்கவில்லை.

"சாமி, எனக்குச் சூரியன்தான் கசக்குது. சந்திரன் பரவால்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர்.

தாவூத் மட்டும் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தோஷமே இல்லியே சாமி. உங்க கண்ணுல ஒரு சொட்டு விடுங்க, கசக்குதான்னு பாப்போம்."

சாமி குப்பியைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். விடவில்லை. குப்பியை மூடினார்.

மிச்சப் பேர் சொட்டு விடாமலே ஏறிக்கொள்ள, மதியத்துக்குள் மூன்று பேருந்துகளும் நிறைந்து திரும்பின.

தாவூத் கடையைப் பூட்டிவிட்டு மங்களத்தை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம் என்றார் மருத்துவர். இப்போது அவள் தினமும் கசக்காத மருந்தை விட்டுக்கொண்டு, மூக்கோரத்தை அமுக்கியபடியே கடவுளைக் கும்பிடுகிறாள்.

பழனியப்பன் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் காது வைத்தியம் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. போகிறவர்கள் போங்கள். முதல் சொட்டை மட்டும் அவர் காதில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.