மூன்றாவது வள்ளம்

“அப்பா கதைக்கிறன்! கேக்குதோ பிள்ளை?”

கேட்டதாவது! குருநகர் மீனவர் சங்க அறையின் ஒலிபெருக்கி கிழியாமல் தப்பியதே மாதாவின் புண்ணியம். பரீட்சிக்க வந்திருந்த துஷாந்தினி மிஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

ஜெயகௌரிக்கு அழுகை முட்டியது. பொறியியல் பீடத்தில் இது அவளுடைய கடைசிப் பரீட்சை. கடலில் நிற்கும் மூன்று வள்ளங்களின் வயர்லெஸ் குரலையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பிடித்துக் காட்டினால் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருடம்.

இரண்டு வள்ளம் வரைக்கும் என்ன அழகாக வந்தது! மேசையில் கிடந்தது உள்ளங்கை அகல மின்சுற்றுப் பலகை ஒன்றுதான். அதன் நடுவிலுள்ள சிப்புக்கு இன்ன வேலை என்று விதித்திருக்கவில்லை. அவள் மடிக்கணினியில் எழுதி அனுப்புவதே அதற்கு வேலை. முதல் வள்ளத்து நீக்கிலாப்பிள்ளையின் அரதப்பழசு வயர்லெஸ் செற் ஓர் அலைவரிசை, இரண்டாவது வள்ளத்துச் சுபாசின் புத்தம்புதுசு இன்னொன்று. ஒரு கம்பி கழற்றாமல், ஒரு சொட்டு ஈயம் உருக்காமல், இரண்டுக்கும் இரண்டு காது முளைக்க வைத்தாளே, அந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்! இருபது கிலோமீற்றருக்கு அப்பால் சுபாஸ் கொட்டாவி விட்டதுகூடக் கேட்டது.

“கெட்டிக்காரியடி நீ!” என்று மிஸ்ஸே வாய்விட்டுச் சொன்னார்.

மூன்றாவதாக அப்பா செபநாயகம் வாய் திறந்தார். மற்ற இரண்டு குரலும் அதற்குள் அமுங்கிப் போயின.

“அளவுக்கு மிஞ்சி வருது, மிஸ். உள்ளுக்கு எடுக்கிறதைக் குறைச்சு விடுறன்.”

குறைத்தாள். நீக்கிலாப்பிள்ளையும் சுபாசும் அடியோடு காணாமல் போனார்கள். அப்பா மட்டும் முழங்கினார்.

“உதென்ன, பின்னாலை ஒரு இரைச்சல்?” என்றார் மிஸ்.

“வள்ளத்து எஞ்சினாக்கும். வடிகட்டி விடுறன்.”

நாலு வரி எழுதி அனுப்பினாள். இரைச்சல் குறைந்தது. ஆனால் அப்பா தாரா வாத்து மாதிரிக் கத்தத் தொடங்கினார். மிஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஜெயகௌரி அவசர அவசரமாக அந்த நாலு வரியையும் அழித்துவிட்டுச் சங்கத்து மைக்கை எடுத்தாள்.

“அப்பா, எங்கை நிக்கிறியள்?”

“நீ சொன்ன இடத்திலைதான் பிள்ளை! பதினைஞ்சு கிலோமீற்றர்! கரையே தெரியேல்லை!”

“உங்கடை சத்தம் சரியில்லை, அப்பா!”

“சரியில்லையோ? பொறு, இப்ப பார்!”

இப்போது வந்தது முன்னையதைவிட இரண்டு மடங்கு. மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை அதிர்ந்தது.

“அவ்வளவு தூரத்திலை இருந்து இப்பிடிப் பலமா வர நியாயமே இல்லை, மிஸ். நான் எழுதினதிலைதான் எங்கையோ பிழை.”

ஆறு மாத உழைப்பு. பாவம், மிஸ்ஸுக்கும் மனம் கேட்கவில்லை.

“மூண்டும் ஒண்டாக் கேக்கவேணுமெல்லே, ஜெயகௌரி? நான் என்ன செய்ய?” என்று புள்ளித்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் கிறிஸ்ரி வாசலில் தலையை நீட்டினான்.

“பிள்ளை, ஒருக்கா வந்து உன்ரை அப்பரை இறக்கு. எங்கடை மெசினுக்குப் பின்னாலை வயர்லெஸ் செற்றோடை குந்தியிருந்து கத்தின மனுசன் இப்ப மதிலிலையும் ஏறிட்டார். தூரத்திலை நிண்டா உன்ரை பெட்டிக்குக் கேளாதெண்டு பயந்து, இண்டைக்கு அவர் கடலுக்கே போகேல்லை!”